ஈயத்தில் படித்த இங்கிலீஷ்

எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்குக் குரல் கிடையாது. படித்தால் புரியும். எழுதச் சொன்னால் பிழையில்லாமல் எழுதிவிடுவேன். ஏழெழுத்தில், மூன்றாவது எழுத்து 'எக்ஸ்' வருகிற சொல் ஒன்று வேண்டுமென்றால் கொஞ்சம் யோசித்து எடுத்துக் கொடுப்பேன். வாயைத் திறந்து நாலு வாக்கியம் பேசச் சொன்னால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுபதுகளில் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்த பெண்கள் பலருக்கும் இதே கதைதான் என்றாலும், என் விஷயத்தில் அதற்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. எனக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தவர் ஓர் அச்சுக்கோப்பவர்.

பெரியப்பா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். கும்பகோணத்தில் பெரிய கடைத்தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்த அச்சாபீஸில் கம்பாசிட்டராகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்தார். ஒரு டிரெடில் மிஷின், காகிதம் வெட்ட ஒரு மிஷின், சுவரோரமாக எழுத்துக் கேஸ்கள். அவ்வளவுதான் அச்சாபீஸ். வேலை மட்டும் ஓயாது. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பாத்திரக் கடை பில் புத்தகம், கோயில் உற்சவ நோட்டீஸ், பள்ளிக்கூட வினாத்தாள். வினாத்தாள் ஓடுகிற நாட்களில் மட்டும் என்னையும் அவருடைய பிள்ளைகளையும் வாசற்படி தாண்ட விடமாட்டார். மற்ற நாட்களில் பள்ளி விட்டதும் நேரே அங்கேதான் போவோம். கொஞ்சம் வசதியான வீட்டுக் கல்யாணமென்றால் பத்திரிகையில் ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ். அந்த இங்கிலீஷ் பக்கம்தான் என்னுடைய முதல் பாடப்புத்தகம்.

தமிழ் எழுத்துக்கு அறைகள் ஏராளம். உயிர்மெய், கொம்பு, கால் என்று கேஸுக்கு மேல் கேஸாக விரிந்துகொண்டே போகும். இங்கிலீஷுக்கு இரண்டே கேஸ். மேலே பெரிய எழுத்துகள், கீழே சின்ன எழுத்துகள். மேல் கேஸில் எழுத்துகள் அகரவரிசையில் கிடக்கும். 'ஜே', 'யு' இரண்டு மட்டும் தம் இடத்தில் இல்லாமல் 'இசட்'டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கும். அவை இரண்டும் ஆங்கில நெடுங்கணக்கில் பின்னால் வந்து சேர்ந்தவை. பழைய வரிசையைக் கலைக்க மனமில்லாத அச்சுக்காரர்கள் அவற்றுக்குக் கடைசியில் இடம் ஒதுக்கிவிட்டார்கள். கீழ் கேஸில் அகரவரிசை என்ற பேச்சே கிடையாது. கைக்கு நேராக நடுவில், மற்ற எல்லா அறைகளையும்விடப் பெரிதாக ஓர் அறை. அதில் 'இ' குவிந்து கிடக்கும். 'டீ', 'ஏ', 'ஓ', 'என்' எல்லாம் அதற்குப் பக்கத்திலேயே தாராளமான அறைகளில். 'க்யூ', 'எக்ஸ்', 'இசட்' மூன்றும் ஓரத்தில், விரல் நுழையாத பொந்துகளில்.

"இது மட்டும் ஏன் பெரியப்பா இவ்ளோ பெரிசு?"

"அதான் பாப்பா சோத்துப் பானை. அது காலியாச்சுன்னா அடுப்பை அணைச்சுட்டுப் போக வேண்டியதுதான்."

உண்மையாகவே அது காலியாகும். சின்ன அச்சாபீஸில் எழுத்து எப்போதும் பற்றாக்குறைதான். மங்களகரமான என்பதற்குப் பத்திரிகைகளில் போடுகிற 'ஆஸ்பிஷியஸ்' என்ற பத்தெழுத்துச் சொல்லில் 'யு' இரண்டு, 'ஐ' இரண்டு, 'எஸ்' இரண்டு. ஆசி என்பதற்குப் போடுகிற 'பிளஸ்ஸிங்ஸ்' என்ற ஒன்பதெழுத்தில் 'எஸ்' மட்டுமே மூன்று. முகூர்த்த மாதங்களில் ஒரே நேரத்தில் நாலைந்து பத்திரிகைகள் கோத்து நிற்கும்போது 'எஸ்' தீர்ந்துவிடும். அப்போது அதே அகலமுள்ள வேறு எழுத்து ஒன்றைத் தலைகீழாகச் செருகி வைத்துவிட்டு, முன்பு அச்சான பாரத்தைப் பிரித்து எழுத்து எடுத்து வந்து மாற்றுவார். எந்தப் பத்திரிகையில் எத்தனை 'எஸ்' மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். கல்யாணமாகப் போகிறவர்களின் பெயரைக் கேட்டால் தெரியாது.

அர்த்தம் அவருக்கு அநேகமாகத் தெரியாது. அதைப் பற்றிய கூச்சமும் கிடையாது. வருகை தர வேண்டுகிறோம் என்ற இடத்தில் வரும் 'சொலிசிட்' ஏழெழுத்து, 'ஐ' இரண்டு என்பார். கைப்பிரதியில் எவனாவது ஓர் எழுத்தை விழுங்கியிருந்தால் கோக்கும்போதே கை நின்றுவிடும். "இதுல ஒண்ணு குறையுது. நீளம் பத்தல." எந்த எழுத்து என்று சொல்ல அகராதி வேண்டும். குறைகிறது என்று சொல்ல அவருக்கு எதுவும் வேண்டாம். அதுவும் ஈய எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறித்தான் படிக்க வேண்டும். வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கால் நிற்கும் அந்த நான்கு சின்ன எழுத்துகளில் எது எதுவென்று எனக்குக் கடைசிவரை குழப்பம்தான். அவர் பார்க்கவே மாட்டார். விரலால் தடவிப் போட்டுவிடுவார்.

எழுத்தை எண்ணுவதிலும் அவர் வழி வேறு. 'ஆபீஸ்' என்ற சொல்லுக்கு இங்கிலீஷில் எத்தனை எழுத்து என்று கேட்டால் நாமெல்லாம் ஆறு என்போம். அவருக்கு நான்கு. இரண்டு 'எஃப்'பும் ஒரு 'ஐ'யும் சேர்ந்தாற்போல் ஒரே துண்டாக வார்த்த ஈய எழுத்து தனியாக உண்டு. 'எஃப்'பின் வளைந்த தலை பக்கத்து 'ஐ'யின் புள்ளியில் இடித்து உடைந்துபோகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. பள்ளிக்கூடத்தில் நான் ஒருமுறை அதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் சொல்வேன், இரண்டு கணக்கும் சரிதான்.

சாயங்காலம் மிஷின் நின்ற பிறகு, வீணான புரூஃப் தாள்களின் பின்பக்கத்தில் விளையாட்டு நடக்கும். ஒருவர் மனத்தில் ஒரு சொல்லை நினைத்து, எழுத்துக்கு ஒரு கோடு போட வேண்டும். மற்றவர்கள் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்க வேண்டும். இருந்தால் கோட்டின் மேல் எழுதுவார்கள். இல்லையென்றால் தூக்குமரத்தில் ஒரு கோடு ஏறும், பிறகு தலை, உடம்பு, கை, கால். மனிதன் முழுசாகத் தொங்கிவிட்டால் ஆட்டம் முடிந்தது. பெரியப்பாவைத் தூக்கில் போட எங்களால் முடிந்ததே இல்லை. முதலில் 'இ' கேட்பார், பிறகு 'டீ', பிறகு 'ஏ'. கேட்கும்போது அவர் கை தன்னையறியாமல் கேஸில் எழுத்து எடுப்பதுபோல் அசையும். "சின்ன அறையில கைய விடாதீங்க. பெரிய அறையெல்லாம் துழாவிட்டு அப்புறம் அங்க போங்க." நாங்களோ எடுத்த எடுப்பில் 'இசட்', 'க்யூ' என்று கேட்டுத் தொங்குவோம்.

அவர் சொல் நினைக்கிற முறை வந்தால் கதை தலைகீழ். ஆறு கோடு போட்டார். நாங்கள் அவரிடம் கற்ற பாடத்தை வைத்து 'இ' கேட்டோம், 'ஏ' கேட்டோம், 'ஐ', 'ஓ', 'யு' எல்லாம் கேட்டோம். ஒன்றும் இல்லை. இங்கிலீஷில் உயிரெழுத்தே இல்லாமல் சொல் ஏது என்று சண்டைக்குப் போனோம். 'ஆர், எச், ஒய், டீ, எச், எம்' என்று நிதானமாக எழுதிக் காட்டினார். ஊரில் இருந்த மெல்லிசைக் குழு ஒன்றின் லெட்டர்ஹெட்டில் அவர் கோத்த 'ரிதம்'. அதைக் கோக்கும்போதே பெரிய அறைகளில் கை போகவில்லை என்பதைக் கவனித்து, எங்களுக்காக எடுத்து வைத்திருந்திருக்கிறார்.

இந்த அறைக் கணக்குக்கு உலகத்தில் எவ்வளவு பெரிய வரலாறு இருக்கிறது என்று எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. அமெரிக்காவில் சாமுவேல் மோர்ஸுக்குக் கூட்டாளியாக இருந்த ஆல்ஃப்ரட் வெயில், தந்திக் குறியீடு அமைத்த காலத்தில் நியூ ஜெர்சியின் மோரிஸ்டவுனில் ஓர் அச்சகத்துக்குப் போய், எந்த எழுத்து எத்தனை வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தார் என்பது வரலாறு. அதிகம் இருந்த 'இ'க்கு ஒரே ஒரு புள்ளி, 'டீ'க்கு ஒரே ஒரு கோடு. 'க்யூ'வுக்கு நான்கு தட்டு. லைனோடைப் இயந்திரம் வந்தபோது அதன் விசைகளையும் இதே கணக்கில்தான் அடுக்கினார்கள். முதல் பத்தியில் மேலிருந்து கீழாக 'இ, டீ, ஏ, ஓ, ஐ, என்'. ஒரு வரி கெட்டுவிட்டால், அதை நிரப்பித் தள்ளுவதற்காக ஆபரேட்டர் அந்த வரிசையிலேயே விரலை இழுத்துவிடுவார். கழித்துப் போட மறந்தால் அந்தப் பொருளற்ற கோவை அப்படியே செய்தித்தாளில் அச்சாகிவிடும். நியூயார்க் டைம்ஸ் அந்த இயந்திரங்களை 1978 ஜூலையில்தான் நிறுத்தியது. அப்போது பெரியப்பா கும்பகோணத்தில் கையால் கோத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிறகும் சில வருஷம் அந்தக் கேஸ்கள் ஓடின.

பிளஸ் டூ முடித்ததும் டைப்ரைட்டிங். எங்கள் ஊரில் அப்போது வேறு வழி இருக்கவில்லை, பெண்களுக்குக் கேட்கவே வேண்டாம். லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தால் தேர்வாணையப் பரீட்சை எழுதி எங்காவது தட்டச்சராகப் போய்விடலாம். இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாளே பெரிய அதிர்ச்சி. பெரியப்பாவின் கேஸில் நடுநாயகமாக இருந்த 'இ' இங்கே மேல் வரிசையில், இடது நடுவிரல் எட்டிப் பிடிக்க வேண்டிய இடத்தில். அடிக்கடி வேண்டிய 'ஏ'யை அடிக்க வலுவே இல்லாத சுண்டுவிரல். யார் இப்படி அடுக்கினான் என்று மாஸ்டரிடம் கேட்டேன். "அடிம்மா, பேசாதே" என்றார். நியாயமான பதில்.

அங்கேதான் ஐந்தெழுத்து என்ற கணக்கு என் வாழ்க்கையில் நுழைந்தது. தட்டச்சு வேகத்தை நிமிஷத்துக்கு இத்தனை வார்த்தை என்று சொல்வார்கள். ஆனால் நிஜ வார்த்தையை யாரும் எண்ணுவதில்லை. இடைவெளியையும் சேர்த்து ஐந்து தட்டு ஒரு வார்த்தை. லோயருக்கு நிமிஷத்துக்கு 30, ஹையருக்கு 45. அதாவது பத்து நிமிஷத்தில் லோயருக்கு 1,500 தட்டு, ஹையருக்கு 2,250. அரசாங்கத்தின் பார்வையில் எல்லா இங்கிலீஷ் சொல்லும் ஐந்தெழுத்துதான். அர்த்தம் தெரியாமல் எழுத்தை மட்டும் பார்த்து அடித்த நான் வேகமாக அடித்தேன். கான்வென்ட்டில் படித்து வந்த ஒரு பெண் வாக்கியத்தைப் படித்துப் புரிந்துகொண்டு, அடுத்த சொல் இதுவாகத்தான் இருக்கும் என்று தானாகவே ஒன்றை அடித்துவிட்டு மாஸ்டரிடம் திட்டு வாங்குவாள். இங்கிலீஷ் தெரிந்திருப்பது இடைஞ்சலாகிற ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்பதில் எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை மறைத்துப் பயனில்லை.

டைப்ரைட்டரில் அந்த 'இ'யே வேண்டாம் என்றவரும் உண்டு. எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் என்ற அமெரிக்கர் 1939-இல் 'கேட்ஸ்பி' என்று ஒரு நாவல் வெளியிட்டார். 50,000 சொல்லுக்கு மேல், ஓரிடத்திலும் 'இ' வராமல் எழுத முயன்ற நாவல். கை தவறி அடித்துவிடக் கூடாதென்று டைப்ரைட்டரில் 'இ' விசையைக் கட்டிப்போட்டே எழுதினாராம். பெரியப்பாவிடம் சொல்லியிருந்தால் அந்த ஆளைக் கும்பிட்டிருப்பார், எவ்வளவு ஈயம் மிச்சம் என்று.

வேலை சென்னையில் கிடைத்தது. பெண்கள் விடுதியில் என் அறையில் இருந்தவள் ஊட்டிக்காரி. அவள் பேசும் இங்கிலீஷைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம், பதில் சொல்ல வேண்டாமென்றால். அவளிடம் ஒரு ஸ்கிராபிள் பெட்டி இருந்தது. மழை பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆள் கிடைக்காமல் என்னை உட்காரவைத்தாள். நான் காய்களைக் கவிழ்த்து முதலில் எண்ணிப் பார்த்தேன். நூறு காய். அதில் 'இ' பன்னிரண்டு, 'ஏ' ஒன்பது, 'ஐ' ஒன்பது. 'க்யூ' ஒன்று, 'இசட்' ஒன்று. சின்ன அறைக்குப் பத்துப் புள்ளி, பெரிய அறைக்கு ஒரு புள்ளி. எனக்கு விதிமுறை சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஆல்ஃப்ரட் பட்ஸ், நியூயார்க் மாநிலத்தில் போகீப்ஸியைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். 1930-களின் பெருமந்தத்தில் வேலை போய் வீட்டில் இருந்தபோது செய்தித்தாள்களை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக எண்ணினார். எண்ணியதை அப்படியே காயாக்கவில்லை என்பதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். 'எஸ்' வெறும் நான்குதான் வைத்தார். கேட்ட சொல்லுக்கெல்லாம் வாலில் ஒரு 'எஸ்' ஒட்டிப் பன்மையாக்கிப் புள்ளி வாங்கிவிடுவார்கள் என்று தெரிந்திருக்கிறது. 'எச்' இரண்டுதான். தொடர்ச்சியான உரைநடையில் 'எச்' வாரி இறைத்திருக்கும். ஆனால் அதில் பெரும்பங்கு சுட்டுச் சொற்களிலும் 'தி' என்ற ஒரே ஒரு மூன்றெழுத்துச் சொல்லிலும் அடங்கிவிடுகிறது. வாக்கியத்தின் கணக்கு வேறு, அகராதியின் கணக்கு வேறு. பெரியப்பாவின் கேஸ் வாக்கியத்துக்காகச் செய்தது, ஆட்டம் அகராதியில் நடப்பது. இந்த வித்தியாசம் பிடிபட்ட பிறகு என் ஆட்டம் ஒரு படி ஏறியது.

ஊட்டிக்காரி தனக்குத் தெரிந்த சொற்களைத் தேடுவாள். நான் எழுத்துகளை நகர்த்திக்கொண்டே இருப்பேன். சேம்பர்ஸ் அகராதியில் திபெத்துப் பக்கத்துக் கலப்பின மாடு ஒன்று இருக்கிறது, இரண்டெழுத்தில் 'இசட், ஓ'. நடுவில் 'எச்' போட்டு மூன்றெழுத்தாகவும் எழுதலாம், முன்னால் வேறெழுத்து சேர்த்தும் எழுதலாம். அந்த ஒரு மாட்டை வைத்து நான் ஓட்டிய ஆட்டங்கள் கொஞ்சமல்ல. "அந்த மாட்டை நீ பார்த்திருக்கியா?" என்பாள். "நீ பேசுற சொல்லையெல்லாம் பார்த்திருக்கியா?" என்பேன். தமிழில்தான். ஆட்டத்தின் விதியில் பொருள் சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது. அகராதியில் இருந்தால் போதும். அவளோடு இங்கிலீஷில் பேச வெட்கப்பட்ட எனக்கு அந்தப் பலகையின் எதிரில் உட்கார மட்டும் வெட்கமே இல்லை. காய்கள் உச்சரிப்பதில்லை.

அலுவலகத்தில் சூப்பரிண்டெண்டென்ட் ஐயா 'தி இந்து' குறுக்கெழுத்துக்காரர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பென்சிலோடு உட்காருவார். அந்தக் குறிப்புகள் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. மேலே ஒரு பொருள், உள்ளே ஒளித்துவைத்த வேறொரு பொருள் என்று வக்கீல் பேச்சு மாதிரி இருக்கும். குறிப்பு அவருடைய இலாகா, கட்டம் என்னுடையது. "ஏம்மா, ஆறெழுத்து, நாலாவதும் அஞ்சாவதும் 'யு'." வாக்குவம். ஆஸ்பத்திரி டெண்டர் ஒன்றில் வாக்குவம் ஃபிளாஸ்க் என்று பக்கம் பக்கமாக அடித்திருக்கிறேன். இரண்டு 'யு' அடுத்தடுத்து விழும்போது அந்த விரல் தடுமாறுவது மறக்குமா? பின்னாளில் அந்தப் பத்திரிகையில் 'கிரிட்மேன்' என்ற பெயரில் புதிர் அமைத்த சி.ஜி. ரிஷிகேஷ் மாதிரியான நம்மூர் ஆட்கள் வந்தார்கள். அதற்குள் ஐயா ஓய்வு பெற்றுவிட்டார். பென்ஷன் விஷயமாக வரும்போதும் மடித்த தாள் ஒன்று சட்டைப்பையில் இருக்கும்.

இதெல்லாம் ஒரு அறிவா என்று என் தம்பி கேட்பான். சொல் தெரியும் பொருள் தெரியாது என்பது பாதிக் கிணறுதானே என்பான். எனக்கு நைஜல் ரிச்சர்ட்ஸைப் பற்றித் தெரியவந்த பிறகு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டு அவர் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். நியூசிலாந்துக்காரர். 2007-இல் மும்பையில் நடந்த உலக ஸ்கிராபிள் போட்டியின் இறுதிச் சுற்றில் மலேசியாவின் கணேஷ் ஆசீர்வாதத்தை வென்று பட்டம் பெற்றார். அது அவருடைய முதல் உலகப் பட்டம். அது பெரிதல்ல. 2015-இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டியில் கலந்துகொண்டு ஜெயித்தார், பிரெஞ்சு பேசத் தெரியாமல். சில வாரங்கள் சொற்பட்டியலை உட்கார்ந்து படித்தார், அவ்வளவுதான். 2024-இல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்தார். தாய்லாந்தின் பானுபோல் சுஜ்ஜயகோர்ன் 2003-இல் இங்கிலீஷ் பட்டத்தை வென்றார். அந்த நாட்டில் இங்கிலீஷ் சரளமாகப் பேசாத பிள்ளைகள் ஸ்கிராபிள் சொற்களை மனப்பாடம் செய்து உலகத்தரத்துக்கு வந்திருக்கிறார்கள். ரிச்சர்ட்ஸுக்குப் பிரெஞ்சு தெரியுமா தெரியாதா என்று கேட்டால், பிரெஞ்சுக்காரர்களுக்குத் தெரியாத ஒரு பிரெஞ்சு அவருக்குத் தெரியும் என்பதே என் பதில். தம்பி இதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

தம்பி மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. 2022 ஜனவரியில், பாதி ஊர் மறுபடியும் வீட்டுக்குள் முடங்கியிருந்த சமயம், அவன் வாட்ஸப்பில் பச்சையும் மஞ்சளுமாகச் சின்னச் சின்னச் சதுரங்களை அனுப்பினான். "என்னடா இது, தரைக்கு டைல்ஸ் பாக்குறியா?" என்று கேட்டேன். வேர்டில் என்றான். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்று ஒளிந்திருக்கும். ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். சரியான எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, எழுத்து சரி இடம் தப்பு என்றால் மஞ்சள், எழுத்தே இல்லையென்றால் சாம்பல். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொல், உலகத்துக்கே அதே சொல்.

ஜோஷ் வார்டில் என்ற மென்பொருள்காரர் புரூக்ளினில் தன் துணைவி பாலக் ஷாவுக்காகச் செய்த விளையாட்டு இது. ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000 இருந்தன. பாலக் ஷா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தெரியும், தெரியாது, தெரிந்திருக்கலாம் என்று பிரித்துப் போட்டார். அப்படிச் சலித்ததில் விடையாக வரத் தகுந்தவை ஏறக்குறைய 2,500 தேறின. 2021 நவம்பர் 1 அன்று விளையாடியவர்கள் 90 பேர். இரண்டு மாதத்தில் மூன்று லட்சம். ஜனவரி முடிவதற்குள் நியூயார்க் டைம்ஸ் வாங்கிவிட்டது. எனக்கு இதில் பிடித்த காரியம் பாலக் ஷாவுடையதுதான். பன்னிரண்டாயிரம் சொல்லைக் கையால் பிரித்துப் போடுவது என்றால் என்னவென்று அச்சாபீஸில் வளர்ந்தவளுக்குத் தெரியும்.

முதல் சண்டை ஜனவரியிலேயே வந்தது. ஒரு நாள் விடை 'ஃபேவர்'. அமெரிக்க எழுத்துமுறையில், 'யு' இல்லாமல். அடுத்த மாதம் 'ஹ்யூமர்', அதுவும் அப்படியே. நான் கற்ற இங்கிலீஷில் முன்னதும் பின்னதும் ஆறெழுத்து. ஐந்து கட்டத்தில் நுழையவே நுழையாது. இங்கிலாந்தில் நிறையப் பேர் கோபப்பட்டார்கள் என்று படித்து எனக்கு ஆறுதலாக இருந்தது. "அத்தை, நாங்க எல்லாரும் இப்படித்தான் எழுதுறோம்" என்றான் பையன். ஹையர் பரீட்சையில் இப்படி அடித்திருந்தால் தப்புக் கணக்கில் மார்க் போயிருக்கும் என்றேன். அவன் அலுவலகத்தில் 'யு' சேர்த்து எழுதினால் கம்ப்யூட்டரே சிவப்புக் கோடு போடுமாம். ஒரே சொல் நீளம் மாறுகிறது, யார் சம்பளம் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்து.

அவன்தான் எனக்கு லூயிஸ் கரோலின் ஏணி விளையாட்டையும் காட்டினான். ஆலிஸின் கதையை எழுதிய அதே கணித ஆசிரியர் 1877 கிறிஸ்துமஸில் இரண்டு சிறுமிகளுக்காக உண்டாக்கியது. ஒரு சொல்லில் தடவைக்கு ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, நடுவில் எல்லாப் படியும் நிஜச் சொல்லாகவே இருக்கும்படி வேறு சொல்லுக்குப் போக வேண்டும். தலையை வாலாக்க வேண்டுமா? ஹெட், ஹீல், டீல், டெல், டால், டெயில். வாயால் சொல்லிப் பார்த்தால் ஒவ்வொரு படியிலும் ஓசை எங்கெங்கோ தாவுகிறது. எழுதிப் பார்த்தால் ஒரே ஓர் எழுத்துதான் மாறியிருக்கும். இதைக் காதுக்காரர்கள் விளையாட முடியாது. கண்ணுக்காரர்கள் விளையாட வேண்டிய ஆட்டம்.

டொனால்ட் நூத் என்ற கணினி அறிஞர் 5,757 ஐந்தெழுத்துச் சொற்களை எடுத்து, ஓரெழுத்து மாற்றத்தில் எது எதற்குப் பக்கத்து வீடு என்று வரைபடமே போட்டிருக்கிறார். அதில் 671 சொற்களுக்கு அக்கம்பக்கமே கிடையாது, எந்த எழுத்தை மாற்றினாலும் வேறு சொல் வராது. ஒட்டாமல் விலகி நிற்கிற என்று பொருள்படும் 'அலூஃப்' என்ற சொல்லும் அந்த 671-இல் ஒன்று. பையன் இதைச் சொல்லிவிட்டு ஐந்து நிமிஷம் சிரித்தான். பொருள் தெரிந்தவர்களுக்கென்றும் கொஞ்சம் சந்தோஷம் வைத்திருக்கிறார்கள்.

இப்போது நியூயார்க் டைம்ஸ் வேர்டிலோடு 'பாட்' என்ற நிரல் ஒன்றையும் கூடவே வைத்திருக்கிறது. நாம் ஆடி முடித்ததும் அது ஒவ்வொரு முயற்சியையும் அலசித் திறமைக்கு இத்தனை, அதிர்ஷ்டத்துக்கு இத்தனை என்று 99-க்கு மதிப்பெண் போடும். பையன் அது சொல்கிற சொல்லைத்தான் முதலில் போடுவான். முதலில் 'கிரேன்' என்றது, பிறகு 'ஸ்லேட்' என்றது, இவனும் மாறிக்கொண்டே வந்தான். நான் பெரிய அறைகளிலிருந்து எழுத்தெடுத்து, நாளுக்கொரு சொல்லாகக் கட்டிக்கொள்கிறேன். போன மாதம் ஒருநாள் முதல் முயற்சியில் ஒரே ஓர் எழுத்து மஞ்சள், மற்றதெல்லாம் சாம்பல். இரண்டாவதிலேயே பிடித்துவிட்டேன். இருபத்தைந்து வருஷமாகச் சுற்றறிக்கைகளில் அடித்த சொல் அது. மிச்சமிருந்த எழுத்துகளைப் பார்த்ததும் விரல்கள் தாமாகவே மேஜையில் ஒருமுறை அடித்துக் காட்டிவிட்டன. பாட் அதைத் திறமையில் சேர்க்காமல் அதிர்ஷ்டத்தில் எழுதியது. பையன் அந்தப் படத்தை அனுப்பிக் கீழே கைகொட்டிச் சிரிக்கும் பொம்மை ஒன்றும் போட்டிருந்தான். அதற்கு மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.